மூன்று முறை வென்றவரின் முகம்

இன்று செந்துறையிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், பக்கத்து சீட்டுப் பெரியவரின் மடியில் ஒரு மாலை. பழைய எம்.எல்.ஏ. சாவுக்குப் போகிறாராம். எழுபது, எண்பதுகளில் மூன்று முறை ஜெயித்தவர்.

“ரொம்ப வேண்டியவருங்களா?” என்று கேட்டேன்.

“மூணு தடவையும் எங்க காலனி ஓட்டு முழுக்க அவருக்குத்தாங்க.”

“அவ்வளவு செஞ்சாரா?”

“நாங்க எங்கங்க போட்டோம்? பூத்துப் பக்கம் வந்தா கால ஒடிச்சிருவோம்னாங்க அவரு ஆளுங்க. தெருவுக்கே வந்து வெரல்ல மைய மட்டும் வச்சிட்டுப் போயிட்டாங்க.”

“அப்புறம் மாலை எதுக்கு?”

“வெறுங்கையோட போனா கிட்ட விடமாட்டாங்க. ஆளு எப்படி இருப்பாருன்னு ஒரு தடவயாச்சும் பார்த்துடணும்.”

அரியலூரில் இறங்கினால் சுவரெல்லாம் அவர் முகம், கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள். காலனியில் ஒன்றுகூட ஒட்டவில்லையாம்.

அங்கே மை மட்டும்தான் வரும் போல. உங்கள் தெருவுக்கு என்ன வந்தது?