ஏழாம் வரிசையின் மூன்று குழிகள்

வேதமுத்து இறந்துபோன செய்தி வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு வந்தது. போனில் பேசியவள் அவருடைய மகள் கிருபா. நர்ஸ் வேலை பார்த்துப் பழகியவள் என்பதால் அழுகையை ஓரமாக நிறுத்திவிட்டு விஷயத்தை மட்டும் சொன்னாள்.

"விடியக்காலம் நாலரைக்கு ஐயா. சாயந்தரம் நாலு மணிக்கு அடக்கம். அம்மா குழியிலயே வைக்கணும். நம்பர் உங்ககிட்ட இருக்குன்னு அப்பாட்ட சொன்னீகள்ல?"

"சொன்னேம்மா" என்றார் கிறிஸ்துராஜ்.

"அப்போ கருப்பணன்ட்ட இடத்தைக் காட்டிருங்க. மதியத்துக்கு மேல வெட்ட ஆரம்பிச்சாத்தான் சரியா இருக்கும்."

"காட்டிடறேன்."

சொல்லிவிட்டுப் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்த நம்பர் அவரிடம் இல்லை. இருபத்தைந்து நாட்களாக இல்லை.

கிறிஸ்துராஜுக்கு எழுபத்தாறு வயது. ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் ஸ்டோர் கிளார்க்காக முப்பத்தொரு வருடம் இருந்தவர். ஒரு போல்ட் வெளியே போனாலும் எந்தத் தேதி, எத்தனை மணி, யார் கையெழுத்து என்று சொல்லத் தெரிந்தவர். சபையின் கல்லறைத் தோட்டத்தை 1982-இல் அவர் பொறுப்பில் விட்டார்கள். ஆமத்தூர் போகும் பாதையில், சுற்றுச்சுவரோடு ஒன்றே கால் ஏக்கர். இறந்தவர் பெயரும் தேதியும் போதகரின் பதிவேட்டில் இருக்கும். யார் எந்தக் குழியில் என்பது அதில் இருக்காது. கல் நடுகிற வசதி எல்லாருக்கும் இல்லை. மண்மேடு நாலு மழைக்கு மேல் நிற்பதும் இல்லை. ஆகவே அவர் சங்கிலி பிடித்து அளந்தார், வரிசை பிரித்தார், நம்பர் கொடுத்தார், மூன்று நீள நோட்டுகளில் எழுதினார்.

பதினான்கு வருடம் கழிந்த குழியில் அதே குடும்பத்தில் இன்னொருவரை வைக்கலாம் என்பது சபையின் வழக்கம். கணவன் குழியில் மனைவி, தாய் குழியில் மகன். அதனால் அந்த நோட்டுக்கு வேலை இருந்துகொண்டே இருந்தது.

2002-இல் சபைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதை ஓட்டுகிற அடிப்படை மென்பொருளையும், மதுரைக் கம்பெனி ஒன்று செய்திருந்த தமிழ்ப் பதிவேட்டு மென்பொருளையும் கமிட்டி அவரைக் கொண்டே வாங்கியது. "எல்லாத்தையும் ஒரே சிடியில காப்பி போட்டுத் தாரேன், சும்மாவே வச்சுக்கோங்க" என்று பஜாரில் ஒருவன் சொன்னான். கர்த்தருடைய காரியத்துக்குத் திருட்டுச் சிடியா என்று கிறிஸ்துராஜ் அவனை விரட்டிவிட்டார். முறையாக வாங்கினார். பில், லைசென்ஸ் அட்டை, சிடி, அவற்றோடு விரற்கடை அளவில் ஒரு பூட்டு. பூட்டு என்றால் தொங்குகிற பூட்டு இல்லை. கம்ப்யூட்டரின் பின்னால் செருகுகிற சிறு பெட்டி. அது செருகியிருந்தால்தான் பதிவேடு திறக்கும்.

இரண்டு வருடம், தினமும் மாலை ஒன்றரை மணி நேரம், மூன்று நோட்டுகளையும் ஒரு விரலால் தட்டி ஏற்றினார். 2005 ஜூனில் ஞாயிறு பள்ளிக்கு இடம் வேண்டும் என்று அலமாரியைக் காலி செய்தார்கள். "நோட்டு இனி எதுக்கு அண்ணாச்சி?" என்று கமிட்டியில் கேட்டார்கள். இரண்டு முறை சரிபார்த்தாயிற்று என்பதால் அவரும் தலையாட்டினார். நோட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போயின. அங்கிருந்து வெடிக்குக் குழாய் உருட்டுகிறவர்கள் வாங்கிப்போனார்கள். அந்தத் தீபாவளிக்குத் தெருவில் சிதறிக் கிடந்த காகிதத் துணுக்குகளில் ஒன்றில் 'வரிசை 4, குழி' என்ற எழுத்து இருந்தது. அவர் கையெழுத்துத்தான். அதை மனைவியிடம் காட்டிச் சிரித்தார்கூட. எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது என்ற சிரிப்பு.

பத்திரமாகத்தான் இருந்தது. ஜனவரி ஒன்றாம் தேதி தவறாமல் ஒரு சிடியில் நகல் எடுத்து, வருடம் எழுதி, உறை போட்டு அடுக்கினார். இருபது சிடிக்கு மேல் சேர்ந்தது. நடுவில் மதுரைக் கம்பெனி மூடிப்போனது. அடிப்படை மென்பொருளுக்கும் இனிப் பராமரிப்பு கிடையாது என்று அறிவித்தார்கள். "புது மெஷின் வாங்குங்க" என்றார்கள். புது மெஷினில் அந்தப் பூட்டைச் செருக ஓட்டையே இல்லை. ஓடுகிற வரை ஓடட்டும் என்று பழையதையே துடைத்துத் துடைத்து வைத்திருந்தார்.

ஆகஸ்ட் முப்பதாம் தேதி மருத்துவமனைக்கு வேதமுத்துவைப் பார்க்கப் போனார். மூச்சு வாங்கிக்கொண்டே வேதமுத்து கேட்டது செத்துப்போன மனைவியின் குழியைப் பற்றி மட்டும்தான். "ஜெயக்கொடி பக்கத்துலயே போட்ருவீகளா?"

"பக்கத்துல என்னய்யா, அதே குழியில. நம்பர் இருக்கு. கவலைப்படாதீக."

செப்டம்பர் இருபத்திரண்டாம் தேதி மாலை இடி விழுந்தது. சபை அலுவலகத்தில் இரண்டு மின்விசிறி, ஒரு டியூப்லைட், கம்ப்யூட்டரின் மதர்போர்டு பலகை, அந்தப் பூட்டு, இவ்வளவும் போயின.

ஒன்பதரைக்கு ஆல்பின் கடைக்குப் போனார். தீபாவளிக்கு மூன்று நாள்தான் இருந்தது. பஜார் முழுவதும் பட்டாசு வாங்க வந்த வெளியூர்க் கார்கள். ஆல்பின் இருபது வருடமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன், அதே சபைக்காரன். மூன்று வாரமாக இதைக் கட்டிக்கொண்டு அழுகிறவனும் அவன்தான்.

"இன்னிக்குச் சாயந்தரம் வேணும்ப்பா" என்றார்.

ஆல்பின் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். "அண்ணாச்சி, நானும் ஒண்ணும் விடல. வேற பலகை மாத்தினா, இது வேற மெஷின், திரும்பப் பதிவு பண்ணுங்கது. பண்ணலாம்னா அடிப்படை சாஃப்ட்வேர்க்காரன் அந்த வாசலை அடைச்சுட்டான். நீங்களுந்தான போன் போட்டுப் பாத்தீக?"

பார்த்திருந்தார். நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு ஒரு பதிவுக் குரல், வலைத்தளத்துக்குப் போகச் சொன்னது. வலைத்தளம், இந்தப் பதிப்பு இப்போது இல்லை என்றது.

"அதையும் தாண்டினேன். ஒரு பிரஸ்ல, ஏற்கெனவே பதிவு பண்ணின பழைய மெஷின் கெடந்துச்சு. உங்க டிஸ்க்கைக் கழத்தி அதுல மாட்டினேன். உங்க பதிவேடு வந்து நிக்கி. பூட்டு எங்கங்குது. பூட்டு கரியாக் கெடக்கு. வேற பூட்டு குடுக்க வேண்டியவன் கம்பெனி இருந்த எடத்துல இப்போ எவனோ செல்போன் கவர் விக்கான்."

"உள்ள இருக்கிறது என்னோட எழுத்து ஆல்பின். நான் தட்டினது."

"எழுத்து உங்களதுதான். அதைப் பூட்டி வச்சவன் அவன். பூட்டில்லாமலே தொறந்து பாத்தேன், கட்டெறும்பு ஊர்ன மாதிரி இருக்கு. சிடி அம்புட்டும் அதே கததான்."

கிறிஸ்துராஜ் பிளாஸ்டிக் உறையைப் பையிலிருந்து எடுத்தார். பில், லைசென்ஸ் அட்டை. 14.2.2002. ஒரு மடிப்பு இல்லாமல் இருந்தது. "விலை குடுத்து வாங்கினதுப்பா இது."

ஆல்பின் அதை வாங்கிப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "நீங்க வாங்கல அண்ணாச்சி. வச்சுக்கிட அனுமதி வாங்கியிருக்கீக. இதே மெஷின்ல அன்னிக்குத் திருட்டுக் காப்பி போட்டிருந்தீகன்னா, பலகை மாத்தினதும் ஓடியிருக்கும். அதுக்குப் பூட்டும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. காசு குடுத்தவன்தான் வெளிய நிக்கான்."

"இன்னும் ஏதாச்சும்?"

"சென்னையில ஒருத்தன் இருக்கான். அனுப்பினா ஒரு மாசம் பாப்பான். வந்தா வரும்."

வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டார். மனைவி தட்டை எடுத்துக்கொண்டே, "பில்லு இருக்கு, பொட்டி இருக்கு, சிடி இருக்கு. உள்ள போகத்தான் வழியில்ல. கிருபாட்ட இதைச் சொல்லிட்டீகளா?" என்றாள். இருபத்தைந்து நாளில் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். இன்றைக்குத் திறந்துவிடும், நாளைக்குத் திறந்துவிடும் என்று இருந்துவிட்டார். நாற்பத்து மூன்று வருடத்தில் ஒருவரிடமும் தெரியாது என்று சொன்னதில்லை. அந்தச் சொல் வாய்க்குப் பழகவில்லை.

ஒன்றே காலுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார். குழி வெட்டுகிற கருப்பணன் கடப்பாரையைச் சுவரில் சாத்திவிட்டுப் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். அவன் வந்து பதினாறு வருடம்தான் ஆகிறது. ஜெயக்கொடி அதற்கு முந்தியவள்.

"எங்கன சார் வெட்ட?"

கிறிஸ்துராஜ் ஏழாம் வரிசைக்குப் போனார். அது வரை அவருக்குத் தெரியும். 2001 செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி, வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் ஒரே அறையில் வெடிவிபத்தில் இறந்த ஐந்து பெண்களை இந்த வரிசையில்தான் அடுத்தடுத்து வைத்தார்கள். பதினொன்று முதல் பதினைந்து வரை. பதினொன்றுக்கும் பதினைந்துக்கும் பின்னால் கல் வந்துவிட்டது. அவை வேறு பெயர்கள். நடுவே மூன்று வெறும் தரை. அதில் ஒன்று ஜெயக்கொடி. மற்ற இருவர் வீட்டாரும் வெளியூருக்குக் குடிபோய்விட்டார்கள்; நாலு மணிக்குள் தேடிப் பிடித்துக் கேட்க வழியில்லை.

அன்று அவர் இங்கேதான் நின்றார். குடை பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பெட்டி இறங்கும்போதும் பெயரைக் கேட்டுக் கேட்டு எழுதினார். அழுகைச் சத்தத்தில் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. அது ஞாபகம் இருக்கிறது. சிவப்பு மை கரைந்தது ஞாபகம் இருக்கிறது. வரிசை ஞாபகம் இல்லை. எழுதிவிட்டதால் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகத்தானே எழுதுவது?

"மூணுல ஒண்ணு கருப்பணா. எதுன்னு தெரியல."

கருப்பணன் பீடியை எறிந்தான். "நடுவுல காட்டுங்க சார். வெட்டிருதேன். இருபத்து நாலு வருசம், உள்ள என்ன இருக்கப்போகுது? யாருக்குத் தெரியும்?"

"வேற வீட்டுப் பொம்பளைன்னா?"

"அவுக எந்திரிச்சு வந்து கேக்கவா போறாக? அந்தப் பிள்ளைக்கு மனசு ஆறணும், அம்புட்டுத்தான. நீங்க கை காட்டினா ஊரே நம்பும்."

அதுதான் அவரை உறுத்தியது. நம்பும். அவர் கை காட்டினால் போதகர் ஜெபம் செய்வார், கிருபா மண் போடுவாள், வேதமுத்து கேட்டது கிடைத்ததாக ஆகிவிடும். மூன்று வாரமாகச் சொல்லாமல் இருந்ததையும் சொல்ல வேண்டியதில்லை. அவர் பன்னிரண்டைப் பார்த்தார், பதின்மூன்றைப் பார்த்தார். முழங்கால் வலித்தது. பதினைந்தின் கல் மேல் கையை ஊன்றிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"கிருபா, ஒரு எட்டு கல்லறைத் தோட்டத்துக்கு வந்துட்டுப் போறியாம்மா?"

இருபது நிமிடத்தில் ஸ்கூட்டரில் வந்துவிட்டாள். கண் வீங்கியிருந்தது. அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். இடி, பூட்டு, ஆல்பின், இந்த மூன்று குழி. வெடிக்குழாயாகப் போன நோட்டையும் சொன்னார்.

கிருபா நேராகக் கேட்டாள். "அப்பாட்ட என்ன சொன்னீக?"

"நம்பர் இருக்குன்னேன்."

"அந்தத் தைரியத்துலதான் அவரு போயிருக்காரு. குழி நம்பர் எழுதி எங்ககிட்ட நீங்க குடுத்த சீட்டைக்கூட, வீடு ஒழுகி நனைஞ்சப்போ, ஐயாகிட்ட இருக்குல்லனு தூக்கிப் போட்டுட்டோம். இடி விழுந்து எம்புட்டு நாளு ஆச்சு? நேத்துகூட ஆஸ்பத்திரிக்கு வந்தீக. ஒரு வார்த்தை சொன்னீகளா?"

"சொல்லல. தப்புத்தான்."

"எனக்கு அப்போ மூணு வயசு, ஒண்ணும் ஞாபகமில்ல. சொல்லியிருந்தா நான் அப்பாட்டயே கேட்டிருப்பேன். அவரு மண்ணு போட்டவருல்ல? அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

கிறிஸ்துராஜுக்கு அது தோன்றவே இல்லை. அத்தனை நாளும் பூட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தவரிடம் கேட்கலாம் என்பது தோன்றவில்லை. அவர் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கருப்பணன் கடப்பாரையை எடுக்கப் போகிறவன்போல விலகிப் போனான்.

கிருபா மூன்று வெறும் தரையையும் நடந்து பார்த்தாள். நெருஞ்சி அப்பிய செருப்பைத் தரையில் தேய்த்துத் தேய்த்து, திரும்பி வந்தாள். மூன்றின் கால்மாட்டில், பெட்டி தூக்கி வருவதற்காக விட்ட ஏழடிப் பாதை இருந்தது. அதைக் காட்டினாள்.

"இங்கன வெட்டுங்க. நடுவுல. குறுக்கால. மூணு பேரு கால்மாட்டையும் தொடுற மாதிரி."

"அது பாதைம்மா, சார் விடமாட்டாரு" என்றான் கருப்பணன் தூரத்திலிருந்து.

"வெட்டு" என்றார் கிறிஸ்துராஜ். "போதகர்ட்ட நான் பேசிக்கிடுதேன். இனிமே பெட்டி சுத்தித்தான் வரணும், வரட்டும்."

நாலு மணிக்குச் சொன்னபடி அடக்கம் நடந்தது. பஜார்ப் பக்கமிருந்து யாரோ வெடித்துப் பார்க்கிற சத்தம் ஜெபத்தின் நடுவே இரண்டு முறை கேட்டது. கிருபாவைத் தவிர எல்லாரும் போன பிறகு கிறிஸ்துராஜ் டேப்பை எடுத்தார். ஒரு முனையைக் கருப்பணன் பிடித்தான். கிழக்குச் சுவரிலிருந்து நாற்பத்தொன்றரை அடி. பதினைந்தின் கல்லிலிருந்து பதினொன்றே கால்.

காலையில் வீடு திரும்பும் வழியில் வாங்கியிருந்த நூறு பக்க நோட்டில் முதல் பக்கத்தைத் திறந்து, பேனாவால் வேதமுத்துவின் பெயரையும் அளவையும் எழுதினார். அடுத்த வரியில் 7/12, 7/13, 7/14 என்று போட்டு, ஜெயக்கொடியையும் மற்ற இருவரையும் போதகர் பதிவேட்டில் இருந்தபடி எழுதி, மூன்றையும் அடைப்புக்குள் சேர்த்து, 'யார் எதில் என்று தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதையே ஒரு தாளில் நகல் எடுத்தார்.

கிருபா வாசலில் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். தாளை வாங்கிப் படித்தாள். மடித்தாள். பிறகு திரும்ப விரித்து, "இந்த மத்த ரெண்டு பேரு வீட்டுக்கும் சொல்லணும்ல ஐயா?" என்றாள்.

"சொல்லணும். தீபாவளி கழிஞ்சு நானே போறேன்."

"கழிஞ்செல்லாம் வேண்டாம்" என்றாள். "நாளைக்கே போங்க."

அவர் சரியென்று தலையசைத்து, நோட்டில் நாளைய தேதியை எழுதிக்கொண்டார்.