சுண்ணாம்பு அல்லாத வெள்ளை

ஆரியசாலைக் கடைத்தெருவின் வெற்றிலை மொத்தக்கடையில் கட்டுப் பிரிக்கும் அந்த மனிதர் பல் ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தபோது வாயெல்லாம் சிவப்பு. நாக்கின் ஓரங்களில் வெள்ளையாக வரிவரியாக ஏதோ இருந்தது. சுண்ணாம்பு பட்டு வெந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான் டாக்டராகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

ஒரு மாதம் கழித்து வந்தார். நான் கேட்கும் முன்பே ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பி நாக்கை நீட்டினார். சிவப்பு துளியும் இல்லை. வெள்ளை அப்படியே இருந்தது.

"வெத்திலய விட்டாச்சு டாக்டரே. இது சுண்ணாம்பு இல்ல, கேட்டோ. எனக்கு ஹெச்.ஐ.வி. உண்டு. அன்னைக்குச் சொல்ல நாணமாயிட்டு. ஒடம்புல சக்தி கொறஞ்சா வாயில தெரியும்னு ரத்தம் பரிசோதிச்ச எடத்துல நர்ஸ் சொல்லிச்சு. செரிதானா?"

பஞ்சால் துடைத்துப் பார்த்தேன், பூஞ்சைப் படிவு போல உரிந்து போகவில்லை; நர்ஸ் சொன்னது சரிதான். ரத்தப் பரிசோதனையிலும் எதிர்ப்புச் சக்தி மிகவும் இறங்கியிருந்தது. ஹெச்.ஐ.வி. சிகிச்சைப் பிரிவில் மாத்திரை தொடங்கினார்கள். மாதாமாதம் வந்து அதே ஜன்னலில் நாக்கை நீட்டுவார். ஓரங்கள் மெல்லத் தெளிந்தன.

"நாள் முழுக்கக் கையில் வெற்றிலை. ஆசை வரவில்லையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வராம பின்ன? ஆனா சிவப்பு கேறினா உள்ள நடக்கது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

பிறகு ஒருமுறை ஆரியசாலை வழியாகப் போனேன். கட்டுகளுக்கு நடுவிலிருந்து என்னைக் கண்டவர், கைவேலையை நிறுத்தாமல் நாக்கை நீட்டினார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வெயிலில் நின்று, இரண்டு ஓரங்களையும் பார்த்து முடித்த பிறகுதான் சரியென்று தலையசைத்தேன்.