ராகுவுக்கும் டோக்கியோ நேரம்

ராகு காலம் அரசாங்க உத்தரவுக்குக் கட்டுப்படும் என்று நம்பியவன் இந்த மலாக்காவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நம்பியதோடு நின்றிருந்தால் பாதகமில்லை. அந்த நம்பிக்கையின் பேரில் ஒரு சம்பான் படகு பேசி, அக்காவையும் அத்தானையும் அதில் ஏற்றிக்கொண்டு பெண் பார்க்கவே புறப்பட்டுவிட்டேன்.

ஜப்பான்காரர் வந்து இரண்டாம் வருஷம். வந்த கையோடு அவர்கள் செய்த காரியங்களில் ஒன்று, எங்கள் கடிகாரங்களை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளியது. டோக்கியோவில் என்ன மணியோ அதுவே நாங்கள் குடியிருந்த காஜா பெராங்கிலும் மணி. பள்ளிக்கூடம், ஆபீஸ், அரிசிக்கடை வரிசை எல்லாம் இந்தக் கணக்கில் நடந்தன. சேவல்களும் சூரியனும் மட்டும் சுற்றறிக்கையைப் படிக்காமல் பழைய வழக்கப்படியே நடந்துகொண்டன. அதனால் எங்கள் ஊரில் காலை எட்டு மணிக்குத்தான் பொழுது விடிந்தது.

எனக்கு அப்போது வேலை கிடையாது. ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். கம்பெனி ஓடிப்போனபோது பேரேடுகளையும் என்னையும் விட்டுவிட்டுப் போனது. பேரேடுகளைக் கடைக்காரர்கள் பொட்டலம் மடிக்க எடுத்துக்கொண்டார்கள். என்னை எடுத்துக்கொள்ளத்தான் யாருமில்லை. யாருமில்லை என்று சொன்னது தப்பு. சயாமில் ரயில் பாதை போடுகிறவர்கள் என்னைப் போன்றவர்களைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். வேலையில்லாதவன், கல்யாணமாகாதவன், கைகால் உள்ளவன். தெங்கேராவில் இலவசப் படம் காட்டுகிறார்கள் என்று போன ஒரு பையன் கொட்டகையிலிருந்து நேரே ஆள் பிடிக்கும் லோரிக்குப் போனான். அவன் திரும்பவே இல்லை.

கல்யாணமானவனைப் பிடிப்பதில்லை என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. இதைச் சொன்னது ஜப்பான்காரனா, அல்லது பெண் வைத்திருந்த யாராவதா என்று விசாரிக்கும் நிலையில் நாங்கள் இல்லை. அக்கா பெண் தேடத் தொடங்கினாள். பெண்ணைப் பெற்றவர்களும் அதே அவசரத்தில் இருந்தார்கள். வயதுப் பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு, தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் விளக்கை அணைத்துக்கொண்டிருந்த காலம் அது.

அப்படி அமைந்த இடம் ஆற்றின் மேல்பக்கம் இருந்தது. பெண்ணின் அப்பா ஒரு துரைக்குக் கார் ஓட்டியவர். துரை ஓடியதும், இவர் தன் பெண்டாட்டி பிள்ளைகளோடு துரையின் ஆற்றோரத்து பங்களாத் தோட்டத்துக்குக் குடிபோய், அங்கேயே மரவள்ளி போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், நேரம் காலம் மட்டும் கறாராகப் பார்ப்பார் என்று தரகர் சொன்னார். திங்கட்கிழமை காலையில் வரச் சொல்லியிருந்தார்கள்.

சாலை வழியாகப் போனால் சிப்பாய் நிற்கும் தடுப்பைத் தாண்ட வேண்டும். மாப்பிள்ளைக் கோலத்தில் ஒரு வாலிபன் அங்கே போய் நிற்பது தன்னையே தட்டில் வைத்து நீட்டுவதற்குச் சமம். ஆகவே படகு என்று நான் சொன்னது நியாயமான யோசனைதான். ஆனால் நியாயத்துக்காக மட்டும் சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் நாவல்கள் படித்தவன். கால்வாய்களும் பூந்தோட்டங்களும் நிறைந்த தூர தேசத்துப் பட்டணங்களில், அருணோதய வேளையில், காதலர்கள் படகேறிப் போகிறார்கள். துடுப்புச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. நமக்கும் ஒரு ஆறு இருக்கிறது, கரையில் சரித்திரம் இருக்கிறது, முடிவில் ஒரு தோட்டமும் அதில் ஒரு பெண்ணும் இருக்கிறாள். இதற்கு மேல் ஒருவனுக்கு என்ன வேண்டும்?

அக்காவுக்கு ராகு காலம் வேண்டியிருந்தது.

“திங்கக்கெழம ஏழரையிலேருந்து ஒம்பது ராகு காலம்டா. அதுல போயி எறங்குனா வெளங்குமா?”

“ஏழரைக்கு முன்னாடி படகு ஏறிடுவோம்க்கா. ஒம்பது தாண்டித்தான் எறங்குவோம். ராகு காலம் பூராத்தையும் தண்ணியிலயே கழிச்சிடலாம். நடுவுல எட்டு மணிக்கு சூரியோதயம் வேற.”

“எந்தக் கடியாரத்துல ஏழரை?”

கேள்வி நியாயமானது. எங்கள் வீட்டில் இரண்டு கடிகாரங்கள். என் கைக்கடிகாரம் டோக்கியோ நேரத்தில் ஓடியது. அடுப்படிச் சுவர்க் கடிகாரத்தை அக்கா பழைய நேரத்திலேயே விட்டு வைத்திருந்தாள். அது குற்றமா இல்லையா என்று தெரியாததால் அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தாள். மணி பார்க்க வேண்டுமானால் ஜன்னலைச் சாத்திவிட்டுத் துண்டைத் தூக்கிப் பார்ப்பாள்.

“அது பழைய கவர்மெண்டுக் கடியாரம்க்கா. இப்ப எல்லாத்துக்கும் ஒரே மணிதான்.”

“ராகுவுக்குமா?”

“ராகு மட்டும் தனி ராஜ்யமா நடத்துறாரு?”

அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் தையல்காரர். வாய் நிறைய ஊசி வைத்துக்கொண்டே வாழ்ந்ததால் பேச்சு குறைவு. “படிச்சவன் சொல்றான், விடு,” என்றார். நான் படித்ததால் எங்கள் குடும்பத்துக்கு விளைந்த சேதங்களில் பாதிக்கு மேல் இந்த வாக்கியத்தில்தான் தொடங்கின.

காஜா பெராங்கிலிருந்து ஆற்றுக்குக் குறுக்கு வழி உண்டு. அதில் போய் ஏறியிருந்தால் பாதித் தூரம் மிச்சம். ஆனால் சரித்திரம் பட்டணத்துப் பாலத்தருகேதான் இருக்கிறது என்பதால், கிடங்குகளின் பின்புறம் வந்து ஏறவேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்லியிருந்தேன். படகுக்காரர் ஒரு மலாய்க்காரர். முதல் நாள் அந்தச் சம்பானில் பெலாச்சான் ஏற்றியிருக்கிறார். அரைத்துக் காயவைத்த கூனி இறாலின் வாசனை ஒரு ராத்திரியில் போய்விடும் என்று அவர் நம்பினார். அக்கா கொண்டையில் வைத்திருந்த மல்லிகை, படகில் கால் வைத்த மாத்திரத்தில் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தது.

கும்மிருட்டு. என் கையில் மணி ஏழு. வானத்தில் நட்சத்திரம்.

“ரம்மியமா இருக்குல்ல?” என்றேன்.

“தட்டப் புடி. வாழைப்பழம் தண்ணியில விழப்போவுது,” என்றாள் அக்கா.

மலாக்காவின் சரித்திரத்தை ஆற்றிலிருந்து பார்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. சரித்திரம் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பூவேலை, ஓடு, தூண் என்று தெருப்பக்கம் நிற்கிற வீடுகளெல்லாம், ஆற்றுப்பக்கம் தங்களுக்கு வேண்டாததை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. போர்த்துகீசியர், உலாந்தா டச்சுக்காரர், இங்கிலீஷ்காரர் என்று வந்தவர்கள் எல்லா விஷயத்திலும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். சாக்கடைக் குழாயை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இருந்ததாகத் தெரியவில்லை.

பாலத்தில் ஒரு சிப்பாய். சிப்பாயைக் கண்டால் குனிய வேண்டும். தரையில் நிற்கும்போது அதில் கஷ்டமில்லை. சம்பானில் நின்றுகொண்டு, தலைக்கு மேலே நிற்கிற ஒருவனுக்கு எப்படிக் குனிவது? மூவரும் ஒரே சமயத்தில் எழுந்து ஒரே பக்கமாகக் குனிந்தோம். சம்பானும் எங்களோடு சேர்ந்து அதே பக்கம் குனிந்தது. கணுக்கால் வரை தண்ணீர் ஏறியது. படகுக்காரர் மலாயில் சொன்னதை நான் மொழிபெயர்க்கப் போவதில்லை. மேலேயிருந்து சிப்பாயின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவன் கையசைத்தான், போகலாம். பாலம் மறையும் வரை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குளிர் என்று அக்காவிடம் சொன்னேன். அவளும் குளிர் என்றுதான் சொன்னாள்.

பட்டணம் தாண்டி, நீப்பாப் பனை மட்டைகளுக்கு நடுவே ஆறு வளைந்த இடத்தில், எட்டு மணிக்கு, சூரியன் வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் இருந்தது. தண்ணீரெல்லாம் செம்பு. ஒரு கொக்கு. நான் நாவலில் படித்தபடி பெருமூச்சு விட்டுத் திரும்பினால், அத்தான் கிழக்கே பார்த்துக் கைகட்டிக் குனிந்துகொண்டிருந்தார்.

“யாருக்கு அத்தான்? இங்கதான் யாருமே இல்லியே.”

“சூரியன் அவங்க கொடியில இருக்கு மச்சான். எதுக்கு வம்பு.”

தோட்டத்துத் துறைக்கு வந்து சேர்ந்தபோது என் கைக்கடிகாரத்தில் ஒன்பது தாண்டி இரண்டு நிமிஷம். இவ்வளவு துல்லியமாக என் வாழ்க்கையில் வேறு எதையும் நான் திட்டமிட்டதில்லை. கரையில் பெண்ணின் அப்பா காத்திருந்தார். வாய் நிறையச் சிரித்தபடி கையைக் கூப்பி, அதே கையை விரித்து நீட்டி எங்களை நிறுத்தினார்.

“வாங்க வாங்க. எறங்காதீங்க.”

“என்னங்க?” என்றாள் அக்கா.

“ராகு காலம் இப்பத்தாம்மா பொறந்திருக்கு. அஞ்சு நிமிசம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?”

“ஒம்பதோட முடிஞ்சிருச்சுங்களே,” என்று கடிகாரத்தைக் காட்டினேன்.

அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு, கார் கிளம்பவில்லை என்று சொல்லும் துரையைப் பார்ப்பது போல என் முகத்தைப் பார்த்தார்.

“தம்பி, இது சப்பான்காரன் ஒம்பது. பஞ்சாங்கத்துக்கு ஏழரை. ராகு சூரியனத்தானே பாப்பாரு, ஒங்க கைய எதுக்குப் பாக்கப் போறாரு?”

கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னால் தள்ளியிருந்தார்கள். ராகு காலமும் ஒன்றரை மணி. அது முடிகிறது என்று நான் கணக்குப் போட்ட நிமிஷத்தில்தான் சரியாக அது தொடங்கியது. ஜப்பான்காரனும் ராகுவும் கூடிப் பேசி வைத்தாலும் இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.  அவள் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

“கரையிலயாவது ஒக்காந்துக்கறோமே,” என்றாள் அவரிடம்.

“எங்க மண்ணுல கால் வச்சா வந்ததா ஆயிடும்மா. தண்ணியில இருக்கிற வரைக்கும் நீங்க இன்னும் வரல. நான் இன்னும் பாக்கல.”

இந்தச் சட்ட நுணுக்கத்துக்குக் கட்டுப்பட்டு, கரைக்குக் கொஞ்சம் தள்ளி நட்டிருந்த கழியில் படகைக் கட்டினோம். படகுக்காரர் படுத்துத் தூங்கிவிட்டார். எங்களுக்கு எதிரே அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க தோட்டம். துரையம்மா ரோஜா வைத்த பாத்திகளில் மரவள்ளி ஆள் உயரத்துக்கு நின்றது. நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன்மேல் சிறகு முளைத்த வெள்ளைக்காரக் குழந்தையின் கல் சிலை. அதன் கணுக்காலில் ஒரு கோழியைக் கட்டியிருந்தார்கள்.

சற்று நேரத்தில் மாங்காய் பறிக்கிற தொரட்டியின் நுனியில் ஒரு வாளி தொங்கியபடி தண்ணீருக்கு மேலே எங்களை நோக்கி வந்தது. உள்ளே மூன்று கோப்பைக் காப்பி, வறுத்த மரவள்ளியில் போட்டது. “தாகத்துக்குக் குடுக்கறதுக்கு ராகு காலம் கெடையாது,” என்று கரையிலிருந்து விளக்கம் வந்தது. நாங்கள் இன்னும் வரவில்லை என்பதால் அவர் எங்களைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தொரட்டியை நீட்டினார்.

காப்பியை வாயில் வைத்தபோது தோட்டத்துக்கு அப்பால் சாலையில் லோரிச் சத்தம். தொரட்டி அப்படியே நின்றது. அக்கா என் தலையைப் பிடித்து அழுத்திப் படகுக்குள் கிடத்தி முந்தானையைப் போட்டு மூடினாள். பெலாச்சான் பலகையில் கன்னத்தை வைத்தபடி, சத்தம் கிட்டே வருவதையும், வேகம் குறைவதையும், மறுபடி எடுப்பதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். போய்விட்டது. அக்காவின் கை மட்டும் என் தலையிலிருந்து எழவில்லை. அந்தக் கல்யாணம் எனக்கு எதற்கு வேண்டும் என்பது எனக்கு நிஜமாகவே விளங்கியது அப்போதுதான். எழுந்து உட்கார்ந்தபோது மரவள்ளித் தண்டுகளுக்கு நடுவே ஒரு நீலத் தாவணி தெரிந்தது. நான் பெண் பார்க்க வந்தவன். முந்தானைக்கு அடியிலிருந்து வெளிவரும் என்னை, அவள் நின்று நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வழியாக ராகு விலகினார். அவரோடு தண்ணீரும் விலகியிருந்தது. கடல் வற்றம் அதுவரைக்கும் எட்டும் என்பதை நான் யோசிக்கவில்லை. சம்பான் சேற்றில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. “நல்ல நேரம் ஓடுது, சீக்கிரம்,” என்று கரையில் அவசரப்படுத்தினார்கள். வீரம் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினேன். இடுப்பு வரை போனேன். தோளைக் கொடுத்துத் தள்ளினேன். சம்பான் அசையவில்லை, நான்தான் இன்னும் கொஞ்சம் உள்ளே போனேன். மறுபடி தள்ளியதில் ஒரு கால் எங்கேயோ மாட்டிக்கொள்ள, முகம் குப்புற விழுந்தேன். படகுக்காரர் விழித்துப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தார். கடைசியில் பெண்ணின் அப்பா கயிறு வீசி, முதலில் என்னையும் பிறகு படகையும் இழுத்தார்.

பெண் பார்க்கும்போது மாப்பிள்ளை கட்டியிருந்தது மாமனாரின் கைலி. பெண் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தாகிவிட்டது. அவர் என்னிடம் சம்பளம் கேட்கவில்லை, குலம் கோத்திரம் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

“தம்பிக்கு பாரம் கீரம் தூக்கிப் பழக்கம் உண்டா?”

“இல்லீங்க. சின்ன வயசிலேருந்து படிச்சுக்கிட்டே இருந்துட்டேன்.”

அவர் முகம் மலர்ந்தது. வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்தார். கல்வியை மதிக்கிற குடும்பம் என்று வழி நெடுக நான் அக்காவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த மாதமே கல்யாணம். பிறகு காஜா பெராங்குக்கும் லோரி வந்தது. பக்கத்து வீட்டு வரிசையில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனது, அவர்களில் ஒருவர் கல்யாணமானவர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

சண்டை முடிந்து பல வருஷம் கழித்து, வீட்டுக்கு வந்த நண்பர்களிடம் இந்தப் படகுப் பயணத்தை நான் சுவையாக விவரித்துக்கொண்டிருந்தேன். படிப்பை மட்டுமே பார்த்துப் பெண் கொடுத்த அந்தப் பெரிய மனசைப் பற்றிச் சொல்லி முடிக்கும்போது, காப்பி கொண்டுவந்த என் மனைவி தட்டைக் கீழே வைத்தாள்.

“அப்பா படிப்ப எங்க பாத்தாரு? முன்னாடி பொண்ணு பாக்க வந்தவங்கள்லாம் நல்ல கட்டுமஸ்தான ஆளுங்க, கண்ணுல பட்டா சயாமுக்குப் புடிச்சிட்டுப் போயிடுவான், எம்பொண்ணு நடுத்தெருவுல நிப்பான்னு வேணாம்னுட்டாரு. இவரு சேத்துல தள்ளுன லட்சணத்தப் பாத்துட்டுத்தான், ‘இந்தப் பையன லோரியில ஏத்துனாலும் பாதி வழியில எறக்கி வுட்டுடுவாங்க, தைரியமாக் குடுக்கலாம்’னு அம்மாகிட்ட சொன்னாரு.”