செப்பு அறையும் கொழும்பு அழைப்பும்

எண்பதுகளின் பிற்பகுதியில் ஒக்லாந்தில் எனக்குக் கிடைத்த வேலை, மின்சார மீற்றர்களைத் தொந்தரவு செய்வது. என் மனைவி மற்றவர்களுக்கு அப்படித்தான் சொல்வாள். அதில் பிழையும் இல்லை. சக்கரம் சுழலும் பழைய மீற்றர்களுக்குப் பதிலாக மின்னணு மீற்றர்கள் தலைகாட்டத் தொடங்கியிருந்த காலம். பக்கத்தில் ஒரு டாக்சிக்காரர் வானொலிக் கருவியில் கதைத்தாலே சில மீற்றர்கள் கூடுதலாக எண்ணின. எது எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, சுவரெல்லாம் செப்புத் தகடு அடித்த ஓர் அறையில் மீற்றரை வைத்து அதன்மேல் அலைகளைப் பாய்ச்சுவோம். அலை படாத சரியான மீற்றர் ஒன்றும் கூடவே ஓடும். இரண்டும் எங்கே பிரிகின்றன என்று நான் உள்ளே இருந்து பார்ப்பேன்.

கதவைத் திறந்தால் சோதனை கெட்டது, முதலிலிருந்து தொடங்கவேண்டும். தொலைபேசிக் கம்பிகூட உள்ளே வரக்கூடாது. அது வெளி அலைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடும். எனக்கு அந்த அறை பிடித்திருந்தது. அங்கே யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

ஊரில் சண்டைக் காலத்தில் ஒரு காலை சைக்கிளில் போன என் தம்பி திரும்பி வரவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாகியும் உடல் கிடைக்கவில்லை, செய்தியும் இல்லை. செத்துவிட்டான் என்று ஏற்றுக்கொண்டு அந்தியேட்டிக் கிரியையைச் செய்துவிடுங்கள், அவன் ஆத்மா அலையக்கூடாது என்று சொந்தக்காரர் அம்மாவை நெருக்கினார்கள். மூத்தவன் சொல்லாமல் செய்யமாட்டேன் என்று அம்மா பிடிவாதமாக நின்றார். அதைக் கேட்கவே கொழும்புக்கு வந்து என்னை அழைப்பதாக ஏற்பாடு. ஒக்லாந்தின் ஏவன்டேல் பகுதியில் எங்கள் வாடகை வீட்டில் தொலைபேசி இல்லாததால் வேலையிடத்து எண்ணைக் கொடுத்திருந்தேன். வெள்ளிக்கிழமை பிற்பகல் என்று பேச்சு. என் பதில் ஆயத்தமாக இருந்தது: வேண்டாம், இன்னும் பொறுத்துப் பார்ப்போம். நம்பிக்கையில்தான் அப்படி முடிவெடுத்தேனா என்றால் தெரியாது. அந்த நாட்களில் எனக்குப் பசிகூடச் சரியாகத் தெரியவில்லை.

அம்மாவுக்கு ஒரு நாள் முந்தியே பஸ் கிடைத்துவிட்டது. அழைப்பு வியாழக்கிழமை வந்தது.

சோதனை முடிந்து கதவைத் திறந்தபோது, என் மேலதிகாரி தொலைபேசியை அப்போதுதான் வைத்திருந்தார். பொறுமையான வெள்ளைக்கார மனிதர். எனக்கு ஒரு கெடுதியும் நினைத்ததில்லை. உன் அம்மா எடுத்தார் என்றார். இன்னும் சில நிமிடங்களில் சோதனை முடியும், அரை நாள் வேலையைக் கெடுப்பானேன் என்று கதவைத் தட்டவில்லையாம். பேச்சில்லாமல் விட்டால் வைத்துவிடுவார் என்று பயந்து, என் மனைவி தெருமுனைத் தொலைபேசியிலிருந்து எடுக்கும்போது நான் சொல்லிக்கொண்டே இருக்கும் அந்த ஒரே சொல்லைத் தானும் சொல்லிக்கொண்டிருந்தாராம். எந்தச் சொல் என்று கேட்டேன். "ஓம்" என்றார், ஆமாம் என்பதற்கு எங்கள் ஊரார் சொல்வதுபோலவே, மிகச் சரியாக.

அம்மா என்ன செய்தார் என்று கேட்டேன். நிறையக் கதைத்தார், ஏதோ கேட்டார், பிறகு அழுதார், பிறகு வைத்துவிட்டார் என்றார். அந்தக் காலத்துத் தொலைதூர இரைச்சலில் எந்த ஆணின் குரலும் மகனின் குரலாக இருக்கலாம். மேலதிகாரிக்கு நன்றி சொன்னேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அடுத்த மீற்றரைப் பொருத்தினேன்.

அம்மா தங்கியிருந்த வீட்டின் எண் என்னிடம் இருந்தது. அன்று மாலை எடுத்தேன், மறுநாளும் எடுத்தேன். பெரும்பாலும் இணைப்புக் கிடைக்கவில்லை. கடைசியில் கிடைத்தபோது, அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டார் என்றார்கள். ஊருக்குத் தொலைபேசி இல்லை. கடிதம் போட்டேன்.

ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து அவர் மறுபடி கொழும்புக்கு வந்து எடுத்தார். கடிதம் கிடைக்கவில்லை என்பது அவர் கதைத்த விதத்திலேயே தெரிந்தது. குரல் தெளிவாக இருந்தது, ஒரு வருடமாக நான் கேட்காத தெளிவு.

"எல்லாம் செய்து முடிச்சிட்டம், ராசா. அவன்ர படத்துக்கு மாலையும் போட்டாச்சு. நீ சொன்ன பிறகுதான் நான் படுத்து நித்திரை கொண்டனான்."

மேலதிகாரி எதிர் மேசையில் இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். இந்த முறை அழைப்பு என் கைக்கே வந்ததில் அவருக்குச் சந்தோசம். அம்மா என் பதிலுக்காகக் காத்திருந்தார். தம்பி உயிரோடு இருக்கலாம் என்று சொல்ல உலகத்தில் மிச்சமிருந்தவன் நான் ஒருவன்தான்.

"நல்லது அம்மா" என்றேன். "சாப்பிட்டனீங்களோ?"