ஏணியிலிருந்து விழுந்தவர்

பம்பாயில் எங்கள் தாராவிச் சந்தில் ஒருவருக்கும் மெட்ராஸில் ஓட்டுக் கிடையாது. ஆனாலும் அறுபதுகளில், ஊரில் ஆட்சி மாறிய அந்தத் தேர்தலின்போது, சந்து இரண்டாகப் பிரிந்து நின்றது. என் வீட்டுக்காரர் புதுக் கட்சி. எதிரே கரிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி பழைய கட்சி. திருநெல்வேலியிலிருந்து ஒன்றாக ரயிலேறி வந்தவர்கள், தேர்தல் வந்ததும் முகம் பார்த்துப் பேசுவதை விட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் குழாயடியில் நின்றிருந்தேன். குடத்தோடு திரும்பியபோது கரிக்கடை வாசலில் ஏணி சாய்ந்து கிடந்தது. கம்பத்தில் கொடி கட்ட ஏறிய என் வீட்டுக்காரர் விழுந்துவிட்டார், அண்ணாச்சி அவரைக் கைவண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார் என்றார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது காலில் மாவுக்கட்டு. வெள்ளைச் சட்டை முழுக்கக் கரி.

கட்சிக்காரர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

"அவந்தானே ஏணியைத் தட்டிவிட்டான்?"

"இல்லவே. கால் வழுக்கி நானாத்தான் விழுந்தேன். அண்ணாச்சி ஓடி வரலேன்னா என் கதி என்னாயிருக்கும்?" என்றார் இவர்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பாத்தியளா, எப்படி மிரட்டி வச்சிருக்கான்னு!" என்றார் ஒருவர். இவர் சொல்லச் சொல்ல அவர்களுக்குச் சந்தேகம் தீர்ந்துகொண்டே வந்தது, வேறு திசையில்.

அண்ணாச்சியின் ஆட்களும் அவரைச் சும்மா விடவில்லை. "நம்ம சந்துல அவன் கொடி கட்ட ஏறினான். கிடக்கட்டும்னு விடாம உமக்கு என்னவே அக்கறை?" என்று கடை முன்னாலேயே கேட்டார்கள். எங்கள் ஆட்கள் அவர் கடையில் கரி வாங்குவதை நிறுத்தினார்கள். அப்புறம் அவருடைய ஆட்களும் நிறுத்தினார்கள்.

நானும் அடுத்த சந்துக்குப் போய்த்தான் கரி வாங்கினேன். இவர் வாயாலேயே கேட்ட பிறகும், 'ஒருவேளை தள்ளித்தான் விட்டிருப்பாரோ' என்று ஒரு நினைப்பு எனக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. அது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது. அப்படி நம்பினால் குழாயடியில் எல்லாரோடும் சிரித்துப் பேசலாம். அங்கேதான் ஒரு நாள் அண்ணாச்சி வீட்டு மைனி என் கையைப் பிடித்தாள்.

"நீயுமா அப்படி நினைக்கே?"

சுற்றிலும் எங்கள் கட்சிப் பெண்கள். "எனக்கென்ன தெரியும் மைனி, நான் இங்கதானே நின்னேன்" என்றேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிறகு எத்தனையோ விதமாக மாற்றிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மாற்றிச் சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

புதுக் கட்சி ஜெயித்தது. மாவுக்கட்டுக் காலோடு இவரைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்து முழுக்கச் சுற்றினார்கள். "எதிரிகள் அடிச்ச வீரன்" என்று கோஷம் வேறு. இவர் கையை உயர்த்தி ஏதோ சொல்லப் பார்த்தார். பட்டாசுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கையசைக்கிறார் என்று நினைத்து இன்னும் உரக்கக் கத்தினார்கள். நானும் கைதட்டினேன். அப்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தது.

அண்ணாச்சி கடையை மூடிவிட்டு அம்பர்நாத்தில் ஆலை வேலைக்குப் போனார். இவர் கால் ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் முதல் வேலையாக அங்கேதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அண்ணாச்சி உட்காரச் சொன்னார். மைனி சாயா கொடுத்தாள், என்னைப் பார்க்காமல்.

"நான் எல்லாருட்டயும் சொன்னேன் அண்ணாச்சி. ஒருத்தனும் நம்பல" என்றார் இவர்.

"தெரியும்லே" என்று அண்ணாச்சி சிரித்தார். "எங்க ஆளு விழுந்து நீ தூக்கிட்டுப் போயிருந்தா, நானும் நம்பியிருக்க மாட்டேன்."

இவருக்கு அது பெரிய ஆறுதல். திரும்பும் ரயிலில் நிம்மதியாகத் தூங்கினார். எனக்கு அந்த மன்னிப்பு ஒட்டவில்லை. அண்ணாச்சி சொன்னது கட்சிப் பற்றில் நம்ப முடியாமல் போன ஆட்களைப் பற்றி. நான் சௌகரியத்துக்காக நம்பாமல் இருந்தவள். மைனியிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்று அவள் சமையலறை வாசல்வரை போய்விட்டு, தம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

இவர் அதன்பின் கொடி கட்ட ஏறவில்லை. கட்சியை விடவும் இல்லை. நானும்தான். இன்றைக்கும் அந்தக் கட்சி தோற்றால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.