அமிர்தவல்லி தேர்ந்தெடுத்த மூன்று புரோகிராம்

அமிர்தவல்லிக்கு எதையும் திறந்து பார்க்காமல் இருக்க முடியாது. கல்யாணமாகி அரியாங்குப்பத்துக்கு வந்த புதிதில் மாமியார் வீட்டு ரேடியோவைக் கழற்றிப்போட்டுத் திரும்ப மாட்டினாள். அது முன்பைவிட நன்றாகப் பாடியதால் மாமியாரால் திட்டவும் முடியவில்லை, மெச்சவும் மனம் வரவில்லை. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் குடம் செய்கிற கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த பிறகும் இதே கதைதான். டைப்ரைட்டருக்கு ரிப்பேர்காரர் வந்தே பல வருஷம் ஆகிவிட்டது என்று முதலாளி சக்கரபாணி பெருமையாகச் சொல்லிக்கொள்வார். சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தாரா என்று மட்டும் கேட்கக் கூடாது.

எண்பத்தேழில் அந்தக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. தேவைப்பட்டு வரவில்லை, பக்கத்து ஷெட்காரர் வாங்கிவிட்டார், அதனால் வந்தது. முதலாளி அறையில் மட்டும்தான் ஏசி இருந்தது என்பதால் அங்கேயே வைத்தார்கள். பார்க்கப் போனவர்கள் எல்லாரும் செருப்பை வாசலில் விட்டார்கள். கோயிலில்கூட அந்த ஆட்கள் அவ்வளவு வரிசையாகச் செருப்பை விட்டு நான் பார்த்ததில்லை.

கொண்டுவந்த மெட்ராஸ்காரர் பையிலிருந்து ஐந்து பிளாப்பிகளை எடுத்து மேசையில் வைத்தார். "இது வெறும் டப்பா சார். புரோகிராம் போட்டாத்தான் வேலை செய்யும். அஞ்சையும் போட்டுப் பாருங்க. அடுத்த திங்கக்கிழமை வர்றேன். மூணு சும்மா தர்றோம், மத்ததுக்குக் காசு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முதலாளி அமிர்தவல்லியைப் பார்த்தார். "நீ பாத்து எது அவசியம்னு சொல்லு. நீ சொல்றதுதான்."

கம்பெனியில் வேறு யாரும் அதைத் தொடத் துணியவில்லை. அவளோ தொடாதே என்றால்தான் அழுதிருப்பாள்.

முதல் பிளாப்பி கடிதம் அடிப்பது. ஒரு கடிதத்தை ஒருமுறை அடித்து வைத்துவிட்டால், கடைக்காரர் பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றி மாற்றி அதுவே அச்சடித்துத் தந்தது. அவள் முதுகு ஒடிய அடித்த வேலை அது. ஒரு காகிதத்தை எடுத்துத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். இரண்டாவது, கட்டம் கட்டமாகக் கணக்குப் போடுவது. ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் கடைசிக் கட்டத்துக் கூட்டுத்தொகை தானே மாறியது. அதை வேண்டுமென்றே மாற்றி மாற்றி விளையாடியதில் மத்தியானச் சோறு ஆறிப்போனது. மூன்றாவது சரக்கு இருப்புக்கு. நான்காவதில் செங்கல் உடைக்கிற விளையாட்டு இருந்தது. அது மிக மிக அவசியம் என்று முதலாளி அபிப்பிராயப்பட்டார். ஐந்தாவது சம்பளப் புரோகிராம்.

அதைப் போடும்போதுதான் அவள் கை தயங்கியது. சம்பளக் கணக்கு மொய்னுதீன் பாயுடைய வேலை. முல்லா வீதிக்காரர். மில்லில் சம்பளக் கிளார்க்காக இருந்து, ஆள் குறைத்தபோது வீட்டுக்கு அனுப்பப்பட்டு, ரொம்ப நாள் அலைந்து இங்கே வந்து உட்கார்ந்தவர். மறுபடி ஒரு இடம் தேடுகிற வயதில்லை. இந்தப் புரோகிராம் வந்தால் அவர் எதற்கு என்று முதலாளி கேட்பார். அதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

அமிர்தவல்லி ஒரு முடிவோடு உட்கார்ந்தாள். இதில் ஏதாவது ஒரு குறையைக் கண்டுபிடிப்பது, அதைச் சாக்காக வைத்துத் தள்ளிவிடுவது. பாயையே துணைக்குக் கூப்பிட்டாள்.

"நம்ம கணக்குல என்னென்ன சிக்கல் இருக்கோ எல்லாத்தையும் சொல்லு பாய். இது முழிக்கணும்."

அவருக்கும் விஷயம் புரிந்திருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஓரம் சீவுற பொம்பளைங்களுக்குக் குடத்துக்கு இவ்வளவுன்னு கூலி. அத எப்படிப் போடும்?"

அவள் தேடினாள். அப்படி ஒரு இடம் அதில் இருந்தது. "போடுதே!" என்று கத்தினாள். கத்திய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சரி, தீபாவளி அட்வான்ஸ மாசாமாசம் புடிக்கணுமே?"

அதற்கும் வழி இருந்தது. மாசி மகத்துக்கு அரை நாள் விட்டதை எப்படிப் போடுவது என்று அவர் கேட்டார். வெகுநேரம் முட்டி மோதி அதையும் கண்டுபிடித்தாள். குறை தேட உட்கார்ந்தவள் ஒவ்வொன்றுக்கும் வழி தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். புத்திக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. இன்னும் மோசம், மூன்றாம் நாளிலிருந்து பாயும் மாறிப்போனார். தோற்கடிப்பதற்காகக் கேட்டவர், என்ன செய்கிறது பார்ப்போம் என்று கேட்க ஆரம்பித்தார். பாதி மாசத்தில் வேலையை விட்டு நின்றவனுக்கு அது சரியாகக் கணக்குப் போட்டபோது, "அடி சக்கை!" என்று தொடையில் தட்டினார்.

சனிக்கிழமை முழுப் பட்டியலையும் ஏற்றிச் சம்பளச் சீட்டு அச்சடித்தார்கள். பாய் குடோனுக்குப் போயிருந்தார். கரகரவென்று வந்த தாளின் முதல் சீட்டைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. பெயர் என்ற இடத்தில் U என்று ஒரே ஒரு எழுத்து. ஒரு நாள்கூட லீவு இல்லை, முழுச் சம்பளம், தவறாமல் வந்ததற்குப் போனஸ் வேறு.

உடனே புரிந்தது. எந்தத் தாளை எடுத்தாலும் தலையில் ஒரு பிள்ளையார் சுழி போட்டுத்தான் அவளுக்குப் பழக்கம். இந்த மெஷினில் தமிழ் எழுத்து ஏது? பட்டியலின் முதல் வரியில் உ-வுக்குப் பதில் U என்று தட்டிவிட்டு, அடுத்த வரியில்தான் ஆட்களை ஆரம்பித்திருந்தாள். மெஷினுக்குப் பிள்ளையாரும் ஒரு தொழிலாளிதான். கூலி எழுதாத ஆளுக்கு அடிப்படைக் கூலி, லீவு எழுதாத ஆளுக்கு முழு மாசம் என்று போட்டுவிட்டது.

அழிக்கக் கையைக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். வாரம் முழுக்கத் தேடிய குறை இதோ தானாக வந்து நிற்கிறதே. அவள் அழிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை, மெட்ராஸ்காரர் வருவதற்கு முன்னால் முதலாளி கேட்டார். "எது எது போடலாம்?"

"கடுதாசி, கணக்குக் கட்டம், சரக்கு."

"சம்பளம்?"

"அது வேணாங்க." தாளை நீட்டினாள். "நீங்களே பாருங்க."

முதலாளி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "யாரு இந்த யூ? நம்மகிட்ட அப்படி ஆளே இல்லியே. இல்லாத ஆளுக்குச் சம்பளம் போட்டு, போனசும் குடுக்குதா?"

அவள் வாயைத் திறக்கவில்லை.

"மனுசன் திருடுனா புடிச்சிக் கேக்கலாம், இத யாருகிட்ட போய்க் கேக்கறது? வேணவே வேணாம், தூக்கிக் கடாசு" என்றார் முதலாளி. அமிர்தவல்லிக்கு உயிர் வந்தது.

வருகைப் பதிவேட்டோடு உள்ளே வந்த பாய் அந்தச் சீட்டை எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"மொதலாளி, இது ஆளு இல்லீங்க. சுழி. பிள்ளையார் சுழி! நானுந்தான் பதிவேட்டுத் தலையில 786 போடுறேன். நான் அடிச்சிருந்தா அதுக்கும் சம்பளம் போட்டிருக்கும். மெஷின் மேல தப்பு இல்லீங்க, அந்த ஒரு வரிய எடுத்துட்டா கணக்கு சுத்தமா இருக்குது. மத்த சீட்டையெல்லாம் நானே கையால போட்டு ஒத்துப் பாத்துட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அமிர்தவல்லியின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் முதலாளியின் முகத்தை.

"சுத்தமா இருக்குதா?" என்றார் முதலாளி மெதுவாக. அவர் கெட்டவர் இல்லை, வியாபாரி. "அப்ப சரக்கு வேணாம், சம்பளத்தப் போடச் சொல்லு. நீ அடுத்த மாசத்துலேர்ந்து வாசல் கேட்டுல ஒக்காந்து லாரி வர்றது போறது எழுதிக்க மொய்னுதீன். சம்பளம் பாத்துச் செய்யறேன்."

"சரிங்க" என்றார் பாய்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். அவளுக்கு அவர்மேல் கோபமான கோபம்.

"ஏன் பாய் சொன்ன? நான் சும்மா தானே இருந்தேன். நீயும் சும்மா இருந்திருக்கலாம்ல?"

"அது ஏன் அப்படிப் போட்டுச்சின்னு பாத்ததும் பளிச்சினு தெரிஞ்சிபோச்சிம்மா. வாய் தானா சொல்லிடுச்சி." சங்கடமாகச் சிரித்தார். "ஒரு வாரமா நாம ரெண்டு பேருந்தான ஒக்காந்து பாத்தோம். அவ்வளவு நல்லா வேலை செய்யுது. அத வேலை செய்யலன்னு சொல்ல ஆருக்கும்மா மனசு வரும்?"

"எனக்கு வந்துச்சே பாய்" என்றாள் அமிர்தவல்லி. சொன்னவுடன் நடுரோடு என்றும் பார்க்காமல் அழுதாள்.