ஐம்பத்தேழு பிள்ளைகளின் பட்டியல்

“உன்னையும் க்ளோஸ் பண்ணிட்டேன், தனசிங்” என்றார் சபீஹா அக்கா. டீ ஆறிடும், குடி என்று சொல்வாரே, அதே குரல். ஏழு வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவனிடம் இப்படியா சொல்வது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் என் திரை இருண்டு, பாஸ்வேர்டு செல்லாது என்று எழுதிக் காட்டியது.

எங்கள் பிழைப்பு என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று. பெயர் வேண்டாம், எதற்கு வம்பு. தலைமை அலுவலகம் ஐரோப்பாவில். வெள்ளம், பஞ்சம், சண்டை என்றால் பதினான்கு நாடுகளில் அரிசியும் மருந்தும் கூடாரமும் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள். அவர்களுடைய கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் போன் அடிப்பது எங்களுக்கு. மேற்கு தாம்பரத்தில் முடிச்சூர் ரோட்டில், ஒரு ஃபர்னிச்சர் கடைக்கு மேல் இரண்டாவது மாடியில், பதினோரு பேர். மலாவியில் ஒருத்தருக்குப் பாஸ்வேர்டு மறந்துபோகும், நேபாளத்தில் ஒருத்தருக்குப் பிரிண்டர் வேலை செய்யாது. நாங்கள் இங்கிருந்தே சரிசெய்து டிக்கெட்டை மூடுவோம். வருகிற ஒவ்வொரு புகாருக்கும் டிக்கெட் என்று பெயர்.

சபீஹா அக்கா பல்லாவரத்துப் பெண். அத்தா தோல் பதனிடும் கம்பெனியில் மேஸ்திரி. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனது இவர்தான். கல்யாணம் ஆகி கடப்பேரிக்கு வந்தார். கணவர் அமீருதீன் பாய் அங்கே கார் சீட் கவர் தைக்கும் கடை வைத்திருக்கிறார். மகள் சோயா பிளஸ் டூ. அக்கா இந்த வேலைக்கு வந்து பதின்மூன்று வருஷம். பதினான்கு நாட்டிலும் அவருக்கு ஒரே பெயர்தான், தாம்பரம் மேடம்.

வந்த புதிதில் ஒரு நாள் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்டு லைன் அறுந்துபோனதாம். அன்றைக்கு பாத்ரூமில் போய் நின்று அழுதிருக்கிறார். அதற்கப்புறம் அழவில்லை. யார் எந்த நிலைமையில் கூப்பிட்டாலும் “ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?” என்றுதான் ஆரம்பிப்பார். நான் கூட ஒரு தடவை சண்டை போட்டிருக்கிறேன். “மனுஷியா நீங்க? அவங்க வீடே தண்ணில போயிருக்கு.” அதற்கு அவர், “வீட்டை என்னால சரிபண்ண முடியாது, தனசிங். லேப்டாப்பை முடியும்” என்றார்.

போன பிப்ரவரியில் கடிதம் வந்தது. பணம் கொடுத்துக்கொண்டிருந்த நாடுகள் நிறுத்திவிட்டன, மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு எல்லாவற்றையும் மூடுகிறோம், சர்வரில் இருப்பது அத்தனையும் அழிக்கப்படும் என்று. அக்கா படித்தார். டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டார். நான் என் டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனேன்.

மூடுகிற வேலையும் அக்கா தலையில்தான் விழுந்தது. கடைசி வாரத் திங்கட்கிழமை, நானூற்றுப் பன்னிரண்டு பேர் பட்டியல் ஒன்றை அனுப்பினார்கள். பக்கத்துப் பத்தியில் ஒவ்வொருவருக்கும் ஒரு தேதி. தாம்பரம் ஆட்களுக்குத் திங்கள், சிலருக்குப் புதன், மலாவி மாதிரி இடங்களுக்கு வெள்ளி. தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள அவர்களுக்கு அவகாசம். அக்கா அந்தப் பத்தியைப் பார்க்கவே இல்லை. பட்டியலை மொத்தமாகப் போட்டு ஒரே தட்டு. தன்னுடைய கணக்கை மட்டும் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குத் தானாக மூடிக்கொள்ளும்படி தனியாக வைத்திருந்தார். மீதி அத்தனை பேரும் பதினைந்து நிமிஷத்தில் காலி.

பதின்மூன்று வருஷத்தில் அவர் செய்த ஒரே தப்பு அதுதான். மூடியதைத் திறக்கலாமே என்பீர்கள். திறக்க அனுமதி கொடுக்க வேண்டியவர் தலைமை அலுவலகத்தில் ஒரே ஒருத்தர். அவர் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது. அவரையும் சேர்த்துத்தான் அக்கா மூடியிருந்தார். இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை.

வேலை போனதை நான் வீட்டில் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமையும் குளித்து, சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, ஆபீஸுக்குக் கீழே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். வேறெங்கே போவது என்று தெரியவில்லை. மதியம் அக்கா இறங்கி வந்தார். என்னைப் பார்த்து ஏன் இங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, “சிக்கோண்டி கூப்பிட்டா” என்றார்.

சிக்கோண்டி மலாவியில் ஒரு மாவட்ட ஆபீஸில் வேலை பார்க்கிறவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே வெள்ளம் வந்தபோது அப்பா அம்மாவைப் பிரிந்துபோன பிள்ளைகள் ஐம்பத்தேழு பேரை, தெரிந்த குடும்பங்களில் கொண்டுபோய் விட்டவள் அவள். எந்தப் பிள்ளை, என்ன அடையாளம், அம்மா பெயர் என்ன, எந்த ஊர், இப்போது யார் வீட்டில் இருக்கிறது, எல்லாம் அவளிடம்தான். நாலு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தாள். எங்கள் நிறுவனத்தில் ஒரு சட்டம் உண்டு. இந்த மாதிரி விவரங்கள் கம்ப்யூட்டரில் ஏறியதும் காகிதத்தை அழித்துவிட வேண்டும். அழிப்பதை வீடியோவில் நாங்கள் பார்க்க வேண்டும், பார்த்தால்தான் டிக்கெட்டை மூடலாம். சிக்கோண்டி மாட்டேன் என்று ஒரு மாதம் இழுத்தடித்தாள். அக்காதான் தினமும் போன் போட்டுப் பேசி ஒப்புக்கொள்ள வைத்தார். காகிதம் நனைஞ்சுபோகும், கரையான் அரிக்கும், சர்வர்ல இருந்தா எங்கேயும் போகாது என்றார். அவள் நோட்டுகளை எரித்ததை நானும் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

இப்போது அவள் கணக்கு மூடிக் கிடந்தது. வாசலில் ஒரு தாய் இரண்டு நாள் நடந்து வந்து உட்கார்ந்திருக்கிறாள், என் பையன் எங்கே என்கிறாள், என்னால் பட்டியலைத் திறக்க முடியவில்லை, மேடம், என்று அழுதிருக்கிறாள். அக்காவுக்கு மட்டும் எல்லார் ஃபைலையும் பார்க்கும் உரிமை வெள்ளிக்கிழமை வரை இருந்தது. அந்தப் பையன் பதினேழாவது வரியில் இருந்தான். யார் வீடு என்பதைப் போனிலேயே சொல்லிவிட்டார்.

“அந்தம்மா பையனைக் கூட்டிட்டு வரப் போயிட்டாங்களாம்” என்றார் அக்கா. “மீதி அம்பத்தாறு பேரோட அம்மா வந்தா நான் என்ன சொல்றதுன்னு கேக்கறா.”

“ஃபைலை அவளுக்கு அனுப்பிவிட வேண்டியதுதானே?”

“வெளிய அனுப்ப முடியாதபடி பூட்டு போட்டது யாரு?”

இவரேதான். பென்டிரைவ் வேலை செய்யாது, வெளி ஆளுக்கு மெயில் போகாது. ஆபீஸ் போனில் பேசுவது முழுக்கப் பதிவாகும், ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னால் கேட்க மாட்டார்கள், பட்டியலையே வாசித்தால் மாட்டிக்கொள்வார். வாசலில் செல்போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காகிதம், பேனா கூடாது. மேலிடத்தில் பட்டியலில் பெயர் இல்லாத பெரிய ஆட்களிடம் கேட்டுப் பார்த்தார். ‘விதிப்படி அழிக்கவும்’ என்று ஒரே வரி பதில் வந்தது. எழுதினவன் கையில் சிக்கோண்டியின் போனைக் கொடுத்திருக்க வேண்டும், அப்போது தெரிந்திருக்கும். மீறிப் பட்டியலை வெளியே கொண்டுவந்து மாட்டினால் ரிலீவிங் லெட்டர் கிடையாது. அது இல்லாமல் அக்காவை நாற்பத்தோரு வயதில் வேறு கம்பெனியில் எவன் சேர்த்துக்கொள்வான்?

அக்கா எழுந்துகொண்டார். “ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கு. நாளைக்கும் இங்கதானே இருப்பே?” என்றார்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு முதல் தடவை இறங்கி வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, மளிகைச் சாமான் ஒப்பிப்பது மாதிரி ஒப்பித்தார். “ஒண்ணு. சிசோமோ. ஆண். நாலு வயசு. இடது காதுக்குப் பின்னால மச்சம். அம்மா லூசியா.” ஊர், வீட்டுக்காரர் பெயர். அப்புறம் இரண்டு. ஒரு தடவைக்கு ஆறு பிள்ளைகள். அதற்கு மேல் மனசில் நிற்கவில்லை. நான் எழுதி முடித்ததும் எழுந்து மேலே போய்விடுவார். அன்றைக்கு நாலு தடவை.

வாசலில் எங்கள் எத்திராஜ். உள்ளே போகிறவர் வருகிறவர் பையைத் துழாவிக் காகிதம் இருக்கிறதா என்று பார்க்கிற செக்யூரிட்டி. வியாழக்கிழமை நாலாவது தடவை அக்கா இறங்கும்போது அவர் மறித்துக்கொண்டார். எனக்குக் கீழேயிருந்து காதில் விழுந்தது.

“இன்னா மேடம், காலைலேர்ந்து ஏறி எறங்கிகினே கீற? வவுறு சரியில்லியா? மோரு வாங்கியாரட்டா?”

அக்கா வாயைத் திறந்து பதில் சொன்னால் ஆறு பிள்ளைகளில் ஒன்று உதிர்ந்துவிடும். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எத்திராஜ் அந்த உதட்டையே பார்த்தார். பிறகு விலகி நின்று, “போ, போ. எனுக்கு ஒண்ணியும் தெரியாது” என்றார்.

வெள்ளி காலையில் ஐம்பத்து நாலு ஆகிவிட்டது. இன்னும் மூன்றே பேர். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரே ஒரு தடவை போதும். நான் எழுந்து போய் ஒரு சமோசா கூடத் தின்றேன். ஆனால் மூன்று மணிக்குப் பிரிவு உபசாரம் என்று தலைமை அலுவலகத்திலிருந்து வீடியோவில் வந்துவிட்டார்கள். உங்கள் கருணையை மறக்க மாட்டோம், உங்கள் இதயம் பெரியது என்று ஒவ்வொருத்தராகப் பேசினார்களாம். மேலே மீதி இருந்தது அக்கா ஒருத்தர்தான், அந்தக் கருணை மொத்தமும் அவர் ஒருத்தருக்கே. நாலே முக்கால் வரை விடவில்லை. அடப்பாவிகளா, கருணையைக் கொஞ்சம் சுருக்கமாகச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

ஐந்து ஐந்துக்கு அக்கா வந்தார். ஐம்பத்தைந்து சொன்னார், ஐம்பத்தாறு சொன்னார். “ஐம்பத்தேழு. தமாண்டா. பொண்ணு. ஏழு வயசு. வலது மணிக்கட்டில தீக்காயத் தழும்பு” என்று சொல்லி நிறுத்தினார். அம்மா பெயரையும் ஊரையும் சொன்னார். நான் எழுதிக்கொண்டு நிமிர்ந்தேன்.

“யார் வீட்டில?”

“படிக்கறதுக்குள்ள மூடிடுச்சு. நான் வெச்ச டைம்தான். கரெக்டா அஞ்சு மணி.”

அதையும் அதே குரலில்தான் சொன்னார். இந்தப் பொம்பளைக்கு நெஞ்சில் ஒன்றுமே இல்லையா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்தப் பெண்ணைத் தேடி நாளைக்கே அவள் அம்மா வந்து நின்றால்? ஆனால் நோட்டைத் தட்டிவிட்டு எழுந்து போகவும் முடியவில்லை. அக்கா தன் போனில் சிக்கோண்டியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். நான் வாசிக்க வாசிக்க அவள் அங்கே எழுதிக்கொண்டாள். ஆங்கிலத்தில்தான் பேசினோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசி வரிக்கு வந்ததும், “ஐம்பத்தேழு, தமாண்டா, பெண், ஏழு வயசு” என்று நான் ஆரம்பிக்க, அக்கா போனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“சிக்கோண்டி, இந்த ஒரு பிள்ளை யார் வீட்டில இருக்கான்னு என்னால எடுக்க முடியலை. தப்பு என்னுதுதான். மன்னிச்சிடு.”

அந்தப் பக்கம் அவள் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“அது எனக்குத் தெரியும், மேடம். என் வீட்டிலதான் இருக்கா.”

அக்கா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“வேற யாரும் சேர்த்துக்கலை. கை புண்ணாயிருந்தது, பயந்தாங்க. நான் கூட்டிட்டு வந்துட்டேன். இப்ப என்னை அம்மான்னுதான் கூப்பிடறா. அவளைத் தேடி யாரும் வந்துடக் கூடாதுன்னு தினமும் ஜெபம் பண்றேன், மேடம். மத்த அம்பத்தாறு பேருக்கும் அம்மா வரணும்னு பண்றேன். இவளுக்கு மட்டும் வேண்டாம்னு பண்றேன். பெரிய பாவம்னு தெரியும்.”

அப்போதுதான் சபீஹா அக்கா உடைந்தார். துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டும் சத்தம் வெளியே வந்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மேடம், லைன்ல இருக்கீங்களா?” என்றாள் சிக்கோண்டி. “அவ அம்மா பேர் சொல்லுங்க. மறக்கணும்னு நினைச்சே மறந்துட்டேன். எழுதி வெச்சுக்கணும்.”

நான் நோட்டில் தேடுவதற்குள் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எலினா பண்டா” என்றார்.

“எலினா பண்டா” என்று அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். “எழுதிட்டேன், மேடம்.”